பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் யார் கண்காணிப்பார்கள்?

பதினைந்து வயதுப் பிள்ளை பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அறையை விட்டு வெளியே வரவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார். உங்கள் முன்னால் சில தாள்களை நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எந்தத் தாய் தகப்பனுக்கும் அவற்றை நிதானமாகப் படிக்க மனம் இருக்காது. அந்தத் தாள்களுக்குப் பின்னால் உள்ள சட்டம் என்ன சொல்கிறது, பிள்ளை உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமலே போனால் நல்லதுதான்.

எந்தச் சட்டம் அது? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இந்தியா முழுவதற்கும் பொருந்தும். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தின்படி சிறார்கள்தான். அவர்களை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கென்றே 87ஆம் பிரிவில் தனி விதிகள் உள்ளன. அந்த விதிகளின்படி அல்லாமல் எந்தச் சிறாரையும் சேர்க்கக் கூடாது.

"மருத்துவரை நம்பித்தானே போகிறோம், அவருக்கு மேல் ஒருவர் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காலில் அடிபட்டுப் படுத்திருக்கும் பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். மனநல வார்டில் இருக்கும் பிள்ளை "என்னை அடித்தார்கள்" என்று சொன்னால், "உடம்பு சரியில்லாமல் உளறுகிறான்" என்று தள்ளிவிடுவது மிகவும் எளிது. வயதும் குறைவு, நோயும் இருக்கிறது, கதவும் பூட்டியிருக்கிறது. அதனால்தான் சிகிச்சை தருபவர் பக்கமும் சேராத, குடும்பத்தின் பக்கமும் சேராத ஒரு மூன்றாவது கண் அங்கே தேவைப்படுகிறது.

அந்தக் கண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. இன்றைய சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்வதைப் படிக்கும்போது எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது.

சரி, பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி யார் விண்ணப்பிக்க முடியும்? பிள்ளையின் நியமனப் பிரதிநிதி (நோயாளிக்காகப் பேசவும் முடிவெடுக்கவும் சட்டம் ஏற்றுக்கொண்ட ஆள்) மட்டும்தான். சிறாருக்குச் சட்டப்படியான பாதுகாவலரே அந்தப் பிரதிநிதி. பெரும்பாலும் அது தாயோ தகப்பனோதான். பள்ளி நிர்வாகமோ விடுதிக் காப்பாளரோ அக்கறையுள்ள சித்தப்பாவோ தாங்களாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியாது.

பாதுகாவலரே பிள்ளைக்குக் கேடு செய்பவராக இருந்தால்? இதற்கும் வழி இருக்கிறது. பாதுகாவலர் பிள்ளையின் நலனுக்காக நடந்துகொள்ளவில்லை, அல்லது அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் இல்லை என்று ஒரு மனநலப் பணியாளரோ பிள்ளை மேல் அக்கறை உள்ள வேறு யாருமோ முறையிடலாம். வேறு தகுந்த ஒருவரைப் பிரதிநிதியாக்கும் அதிகாரம் மனநல மறுஆய்வு மன்றத்துக்கு இருக்கிறது. அந்த மன்றம் என்ன என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்; இந்தக் கட்டுரையில் மிக முக்கியமானது அதுதான்.

ஒரே ஒரு மருத்துவர் "சேர்க்க வேண்டும்" என்று சொன்னால் போதுமா? போதாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பிள்ளையைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். மற்றவர் இன்னொரு மனநல மருத்துவராகவோ, மருத்துவ உளவியலாளர் போன்ற மனநலப் பணியாளராகவோ, பொது மருத்துவராகவோ இருக்கலாம். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ அந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் சேர்க்கலாம்.

அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? நோய் அவ்வளவு கடுமையாக இருக்கிறதா, சேர்ப்பது பிள்ளைக்கு நல்லதா, உள்ளே வைக்காமல் தேவையான சிகிச்சையைத் தரவே முடியாதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். இதோடு, வீட்டிலிருந்தபடியே வந்து போய்ப் பெறும் சிகிச்சை போன்ற மற்ற வழிகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும், அல்லது அவை இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் தயங்காமல் கேட்கலாம்: "இரண்டாவதாகப் பார்த்தது யார்? வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று எதனால் சொல்கிறீர்கள்?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் முகம் சுளிக்க மாட்டார். அவர் எப்படியும் கேஸ் ஷீட்டில் இவற்றுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் இவ்வளவுக்கும் நேரம் ஏது? அப்போது எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் முதல் சிகிச்சையைத் தொடங்கலாம். பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இந்த அவசர ஏற்பாடு 72 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதை நீட்டிக்கொண்டே போக முடியாது.

இனி, சேர்த்த பிறகு என்ன என்று பார்ப்போம். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. பிள்ளை உள்ளே இருக்கும் நாட்கள் முழுவதும் நீங்களோ நீங்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் இதற்கு விலக்கு இல்லை. பெண் பிள்ளையாக இருந்து, பிரதிநிதி ஆணாக இருந்தால், அவர் ஏற்பாடு செய்யும் ஒரு பெண் உடன் தங்க வேண்டும். பெரியவர்களின் வார்டில் பிள்ளையைப் போடக் கூடாது. வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற தனி இடம் வேண்டும். காய்ச்சலுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ சேர்க்கப்படும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வசதியை விட அது தாழ்ந்திருக்கக் கூடாது.

இது உங்களுக்குச் சிரமம்தான். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வேலையை விட்டுவிட்டு வார்டில் உட்கார வேண்டியிருக்கும். இன்னொரு பிள்ளை வீட்டில் இருக்கும். ஆனாலும் முறை வைத்துக்கொண்டு அத்தை, பாட்டி, மாமா என்று யாரையாவது மாற்றி மாற்றி இருக்கச் செய்யுங்கள். பக்கத்தில் சொந்த மனிதர் யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குத் தீங்கு நடப்பது எளிது. கூட இருக்கும் ஒருவரை விடப் பெரிய பாதுகாப்பை எந்த அதிகாரியாலும் தர முடியாது.

"குடும்பத்தார் பார்க்கவே கூடாது, அப்போதுதான் குணமாகும்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றனவே? குறிப்பாகக் குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கத்துக்கான சில மறுவாழ்வு மையங்களில் இப்படிச் சொல்வதுண்டு. முதல் மாதம் போனில் பேசவும் விடமாட்டோம் என்பார்கள். போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துத் தங்க வைக்கும் இடம், பெயர்ப்பலகையில் ஆசிரமம் என்று இருந்தாலும் மையம் என்று இருந்தாலும், மனநல நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சிறாருக்கான விதிகள் அங்கேயும் செல்லும். 18 வயது ஆகாத பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் போய்விடுங்கள் என்று ஓர் இடத்தில் சொன்னால், அங்கே பிள்ளையை விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பதிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தருவது மாநில மனநல ஆணையம் (மாநிலத்தில் உள்ள மனநல நிறுவனங்களைப் பதிவு செய்து மேற்பார்வையிடும் அரசு அமைப்பு). பதிவான இடங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆணையம் தணிக்கை செய்ய வேண்டும். அந்தக் குழுவில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்; மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும். மாதக் கட்டணமே பல ஆயிரம் வாங்கும் இடத்துக்கு முதல் தடவை அபராதம் ஒரு பொருட்டே இல்லை என்பது என் எண்ணம். அதனால் சான்றிதழைக் கேட்கும் வேலையை அரசிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது மன்றத்துக்கு வருவோம். மனநல மறுஆய்வு மன்றம் (மனநல நிறுவனங்களில் எடுக்கப்படும் முடிவுகளைச் சரிபார்க்கும், ஆறு பேர் கொண்ட சட்ட அமைப்பு) என்பதில் மாவட்ட நீதிபதியோ அந்தத் தகுதி உள்ளவரோ, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவராக இருப்பார். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர் ஆகியோர் இருப்பார்கள். மீதி இரண்டு இடங்கள் மனநோயை அனுபவித்தவர்களுக்கோ, அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கோ, அவர்களுக்காக உழைக்கும் அமைப்பினருக்கோ உரியவை. இந்த இரண்டு இடங்களை நான் மிகவும் மதிக்கிறேன். வார்டில் ஒரு இரவு எப்படிக் கழியும் என்பதை அறிந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் பிள்ளைக்கும் இந்த மன்றத்துக்கும் என்ன தொடர்பு? பிள்ளை சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை அதை மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இது மருத்துவமனையின் கடமை. மன்றம் விரும்பினால் நேரில் வந்து பிள்ளையிடம் பேசலாம், மருத்துவப் பதிவுகளைப் பார்க்கலாம். முப்பது நாள் தாண்டியும் பிள்ளை உள்ளே இருந்தால் உடனே மறுபடியும் தெரிவிக்க வேண்டும். தகவல் வந்த ஏழு நாட்களுக்குள் மன்றம் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும். அதற்கு மேலும் தங்கினால் ஒவ்வொரு முப்பது நாளுக்கும் ஒருமுறை இதே மறுஆய்வு நடக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமல் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மருத்துவமனை தெரிவித்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்கள். "மன்றத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். மன்றத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைப்பது ஒவ்வொரு மனநல நிறுவனத்தின் கடமை. மன்றத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான படிவத்தைத் தரவும், சேர்க்கையை மறுஆய்வு செய்யச் சொல்லி மன்றத்துக்குப் போன் செய்யக் காசில்லாமல் அனுமதிக்கவும் அது கடமைப்பட்டது. உள்ளே நுழைந்ததும் அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். எண்ணைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்களே மன்றத்துக்குப் போகலாமா, செலவு ஆகுமா? பிள்ளையோ, பிரதிநிதியான நீங்களோ, பிள்ளையின் தரப்பில் ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. உள்ளே இருப்பவர் எழுத முடியாத நிலையில் இருந்தால், விதிவிலக்காக, வாய்மொழியாகவோ போனிலோ சொல்வதையும் மன்றம் ஏற்கலாம். சிறாரைச் சேர்த்ததை எதிர்க்கும் விண்ணப்பத்தை ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் போகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. மன்றத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பிள்ளைக்கு என்னென்ன செய்யவே கூடாது? சிறாருக்கு மின்அதிர்வுச் சிகிச்சை, அதாவது நாம் ஷாக் ட்ரீட்மென்ட் என்று சொல்வது, தடை செய்யப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு பிள்ளைக்கு அது தேவை என்று மனநல மருத்துவர் கருதினால், பாதுகாவலரின் சம்மதமும் மன்றத்தின் முன் அனுமதியும் இரண்டும் வேண்டும். உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. எந்த வயதினரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. தனியறையில் அடைத்து வைப்பதும் கூடாது.

வன்முறையாக நடந்துகொள்ளும்போது பிடித்துக் கட்டிவைக்கிறார்களே, அது? உடனடியான ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சைப் பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் அசையாமல் பிடித்து வைக்கலாம். தண்டனையாகவோ மிரட்டலாகவோ செய்யக் கூடாது. நர்ஸ் போதவில்லை என்பதும் காரணமாகாது. ஒவ்வொரு தடவையும் ஏன், எவ்வளவு நேரம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்ல வேண்டும். மாதாமாதம் மன்றத்துக்கும் அறிக்கை போக வேண்டும். பிள்ளையின் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தடம் தெரிந்தால், சத்தம் போடுவதற்கு முன் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

சிறிய விஷயங்களாகத் தோன்றும் சிலவும் சட்டத்தில் இருக்கின்றன. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடையை உடுத்த விரும்பினால் விட வேண்டும். கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. சுத்தமான கழிப்பறை, சத்தான உணவு, மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டியவை, படிக்க வசதி எல்லாம் இருக்க வேண்டும். பதினாறு வயதில் ஒரு பெண்ணின் தலைமுடியை மழிப்பது அவளுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இவை சிறிய விஷயங்களே இல்லை.

மருந்து விஷயத்தில் நான் என்ன கேட்கலாம்? சிறாருக்குப் பிரதிநிதியின் விவரமறிந்த சம்மதத்தோடுதான் சிகிச்சை தர வேண்டும். என்ன நோய், என்ன சிகிச்சைத் திட்டம், எந்த மருந்துக்கு என்ன பக்க விளைவு என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது உரிமை. அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் இருக்கிறது. ஊர் மாறும்போது, மருத்துவர் மாறும்போது அவைதான் கைகொடுக்கும்.

எனக்குத் திருப்தி இல்லை, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போக முடியுமா? முடியும். பிரதிநிதி சேர்க்கைக்கு ஆதரவில்லை என்று சொன்னாலோ டிஸ்சார்ஜ் கேட்டாலோ பிள்ளையை அனுப்பிவிட வேண்டும். பெரிய அதிகாரம் இது, கவனமாகப் பயன்படுத்துங்கள். சாக வேண்டும் என்று நேற்று வரை சொன்ன பிள்ளையை, "நாலு பேர் என்ன பேசுவார்கள்" என்று பாதியில் கூட்டிப்போவது ஆபத்து. இடம் பிடிக்கவில்லை என்றால் வேறு மருத்துவமனைக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு அழைத்துப்போங்கள்.

பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பு உண்டா? சேர்க்கும்போது பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சம்மதம் உங்களுடையது மட்டும்தான். எட்டு வயதுக் குழந்தையையும் பதினேழரை வயதுப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கிற இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இருக்கும்போதே 18 நிறைந்துவிட்டால் அவரைத் தனி உரிமையுள்ள நோயாளியாகக் கருத வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுவதை விட, பதினைந்து பதினாறிலிருந்தே நீங்கள் கேட்டுப் பழகுங்கள்: "டாக்டர் சொன்னது புரிந்ததா? உனக்கு என்ன தோன்றுகிறது?" அந்தப் பதிலை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

சேர்க்காமல் வந்து போகும் சிகிச்சைக்கு இந்தக் கண்காணிப்பு உண்டா? இங்கேதான் பெரிய ஓட்டை. மன்றமும் பதிவும் பெரும்பாலும் தங்கவைக்கும் இடங்களுக்கானவை. கவுன்சிலர் என்று பலகை மாட்டியிருப்பவரின் தகுதியை நீங்களேதான் சரிபார்க்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர்; மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். உளவியலாளர் மாத்திரை எழுதித் தந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று இதே சட்டம் காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வருமா என்ற பயத்தில் பலர் உண்மையை மறைக்கிறார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதற்காகத் தண்டிக்கக் கூடாது. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

இதெல்லாம் காகிதத்தில் இருப்பதுபோல நடக்கிறதா? எல்லா இடத்திலும் இல்லை. மன்றங்களை அமைப்பதிலேயே பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதித்தன. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அவ்வளவு பிள்ளைகளுக்குத் தனி வார்டும் இல்லை, போதிய மருத்துவர்களும் இல்லை. ஆனால் விதி இருக்கிறது என்று தெரிந்த ஒரு தாய் கேட்கும்போது கிடைக்கும் பதில் வேறாகத்தான் இருக்கும்.

குறை சொல்ல வேண்டுமானால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மன்றம், அதற்கு மேல் மாநில ஆணையம். பிள்ளைக்கு அடி, பாலியல் துன்பம் என்று எது தெரிந்தாலும் இந்த வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே போலீசுக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் சொல்லுங்கள். எங்கே போவது, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.